ஆளில்லாத ஐந்நூறு மணி நேரம்

வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கென்று கொடுத்த மேசைக்குப் பின்னால் ஒரு இரும்பு பீரோ இருந்தது. உள்ளே பழைய கரண்ட் பில்கள், வருடத்துக்கு ஒரு ஃபைலாக. முதல் வாரம் பெரிதாக வேலை எதுவும் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்து யூனிட்டை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தேன். லட்சத்து எட்டாயிரம், லட்சத்துப் பன்னிரண்டாயிரம் என்று போய்க்கொண்டிருந்த கை 2020 ஏப்ரலில் நின்றது. 54,000 யூனிட்.

அந்த மாதம் நாடே பூட்டிக் கிடந்தது. மார்ச் 25 முதல் ஊரடங்கு. எங்கள் கட்டடத்தில் வாட்ச்மேன் இரண்டு பேரும் ஒரு எலக்ட்ரீஷியனும் மட்டும் முறை வைத்து இருந்திருக்கிறார்கள். கட்டடம் முழுக்க ஏசிக்காகத் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் ஓடவில்லை, லிப்ட் ஓடவில்லை, ஒரு மனிதர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவில்லை. வழக்கமான மாதத்தில் சராசரியாக 1,17,000 யூனிட் ஓடும் கட்டடம், யாருமே இல்லாத மாதத்தில் அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஓடியிருக்கிறது. பில்லில் யாரோ பேனாவால் வட்டம் போட்டு "குறைந்துள்ளது" என்று எழுதி வைத்திருந்தார்கள். சந்தோஷப்பட்டிருப்பார்கள் போல.

ஏப்ரலுக்கு 30 நாள், அதாவது 720 மணி நேரம். 54,000-ஐ 720-ஆல் வகுத்தால் 75. இரவு பகல் இடைவிடாமல் 75 கிலோவாட். பழைய நூறு வாட் குண்டு பல்பு 750 எடுத்து ஒரு மாதம் அணைக்காமல் எரிய விட்ட கணக்கு. யாருக்காக எரிந்தது? அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சென்னையில், ஓஎம்ஆர் சாலை ஓரத்தில் இருக்கும் எத்தனையோ கண்ணாடிக் கட்டடங்களில் ஒன்று. தரைத்தளம், மேலே ஐந்து மாடி, 90,000 சதுர அடி, நாலு கம்பெனிகள் வாடகைக்கு. உயர் அழுத்த இணைப்பு, அதாவது 11 கேவி லைன் உள்ளே வந்து எங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் 433 வோல்ட்டாக இறங்கும். ஒப்பந்தத் தேவை, அதாவது ஒரே நேரத்தில் அதிகபட்சம் இழுக்க மின்வாரியத்தோடு ஒப்புக்கொண்ட அளவு, 450 கேவிஏ. நான் அங்கே 2022 கடைசியில் மின்சாரம், ஏசி இரண்டையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் சேர்ந்தேன்.

முதல் வேலையாக ஈபி மீட்டரைப் போய்ப் பார்த்தேன். ராத்திரி ஒன்பது மணி. திரையில் கிலோவாட் 0.13 என்றது. அட, ஒன்றுமே இல்லையே, பல்பு ஒன்று எரியும் அளவுதானே என்று ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. அப்புறம்தான் மீட்டர் பெட்டியில் ஒட்டியிருந்த சிறு தாளைக் கவனித்தேன். சிடி 30/5, பிடி 11000/110. மீட்டருக்குள் நிஜ மின்னோட்டமும் நிஜ வோல்ட்டேஜும் போவதில்லை. சிடி மின்னோட்டத்தை ஆறில் ஒரு பங்காகவும், பிடி வோல்ட்டேஜை நூறில் ஒரு பங்காகவும் சுருக்கித்தான் அனுப்பும். ஆறையும் நூறையும் பெருக்கினால் 600. திரையில் தெரிவதை 600-ஆல் பெருக்கினால்தான் உண்மை. 0.13 பெருக்கல் 600, 78 கிலோவாட். ஏறக்குறைய மூன்று வருடம் கழித்தும் அதே எழுபத்துச் சொச்சம் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

சரி, லாக் புக்கில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம் என்று எடுத்தேன். மணிக்கு ஒரு முறை வோல்ட்டேஜ், ஆம்பியர், கிலோவாட், பவர் ஃபேக்டர் எல்லாம் எழுத வேண்டிய பெரிய நோட்டு. ராத்திரி ஒரு மணி: 415 வோல்ட், 80 கிலோவாட். இரண்டு மணி: 415, 80. மூன்று, நாலு, ஐந்து மணிக்கும் 415, 80. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் எழுதிய எழுத்து. நள்ளிரவில் லோடு குறையக் குறைய வோல்ட்டேஜ் தானாக ஏறும் என்பது இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். எழுதியவருக்கும் தெரியும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். யாரும் படிக்காத நோட்டை நள்ளிரவு மூன்று மணிக்கு எழுந்து வந்து நிரப்பச் சொன்னால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

பில் மாதத்துக்கு ஒரு எண்ணைத் தரும். எவ்வளவு என்று சொல்லும், எப்போது என்று சொல்லாது. எப்போது என்று தெரிந்தால் எது என்று கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். எங்கள் மெயின் பேனலில் கட்டிய நாளிலிருந்தே ஒரு மல்டிஃபங்ஷன் மீட்டர் இருந்தது. அதன் முதுகில், எண்களைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் ஆர்எஸ்-485 போர்ட்டும் இருந்தது. இத்தனை வருடமும் அதில் யாரும் ஒரு ஒயர்கூட மாட்டவில்லை. முறுக்கு ஒயர் ஒரு ஜோடி இழுத்து, ஸ்டோரில் தூசி படிந்து கிடந்த பழைய கம்ப்யூட்டரில் இணைத்து, கால் மணிக்கு ஒரு முறை எண்ணைச் சேமிக்கும்படி செய்தேன். செலவென்று பார்த்தால் ஒயர் விலையும், ஒரு கன்வெர்ட்டரும், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும்.

முதல் வாரத்து வரைபடத்தைத் தாளில் எடுத்து மேசையில் பரப்பியபோது, கட்டடத்தின் தினசரி வாழ்க்கையை ஒளிந்திருந்து பார்ப்பது போல இருந்தது. காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு படி ஏறுகிறது. எட்டரைக்கு ஒரே பாய்ச்சலில் உச்சிக்குப் போகிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சின்னப் பள்ளம். சாயங்காலம் ஆறரைக்கு மேல் சரிவு. ராத்திரி பத்துக்கு மேல் தட்டையான ஒரு தரை, காலை வரை. பிப்ரவரி கடைசியில் வெயில் ஏற ஆரம்பித்த பிறகு இன்னொன்றும் தெரிந்தது. சில நாட்களில் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கே கோடு லேசாகக் கீழே சாயும். சில நாட்களில் இரண்டு மணி வரை சாயவே சாயாது. காரணம் புரியக் கொஞ்ச நாள் ஆனது. கடற்காற்று. கடல் எங்களுக்குக் கிழக்கே கூப்பிடு தூரம். காற்று சீக்கிரம் உள்ளே வந்த நாளில் கண்ணாடிச் சுவர் குளிர்ந்து சில்லர் மூச்சு விடும். வராத நாளில் திணறும். வானிலை அறிக்கை பார்க்காமலே அன்றைக்குக் காற்று எப்போது திரும்பியது என்று சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு முள். பதினைந்து நிமிடம் மட்டும் ஐம்பது கிலோவாட் குத்திவிட்டு இறங்கும். அது தீயணைப்பு பம்பை வாரம் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது. அதை விட்டுவிட்டேன், ஓட்டித்தான் ஆக வேண்டும்.

ஐந்தே முக்கால் படி என்னவென்று பார்க்க ஒரு நாள் அதிகாலையிலேயே போனேன். ஹவுஸ்கீப்பிங் பெண்கள். ஐந்து மாடியிலும் எல்லா விளக்கையும் ஒரே சுவிட்ச்சில் போட்டு, மாடிக்குள் காற்றை அடிக்கும் ஏஹெச்யூவையும் ஓட விட்டுக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மாடி முழுக்க இருநூறு விளக்கு எரிய, மூலையில் ஒரு அம்மா மாப் பிழிந்துகொண்டிருந்தார். விளக்குகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, துடைக்கும் இடத்தில் மட்டும் எரியும்படி மாற்றினோம். ஏஹெச்யூவை நிறுத்திவிடலாமே என்று நிர்வாகத்தில் ஒருவர் கேட்டார். சில்லர் இல்லாமல் வெறும் காற்றுதான் வருகிறது, எல்லா மாடிக் காற்றாடியும் சேர்ந்தாலும் பெரிதாக யூனிட் ஏறாது. ஜன்னல் திறக்க வழியில்லாத கண்ணாடிப் பெட்டிக்குள் வியர்த்து வழிய வேலை செய்பவர்களிடமிருந்து அந்தக் காற்றைப் பிடுங்கி, அதற்குச் சேமிப்பு என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அது அப்படியே ஓடட்டும் என்று சொல்லிவிட்டேன்.

என் கண் எல்லாம் அந்தத் தரை மேல்தான். தரை என்றால் ராத்திரி லோடு. ஒரு சின்னக் கணக்கு: மாதத்தில் 720 மணி நேரம். வேலை நாள் 22, நாளைக்குப் பத்து மணி நேரம் என்று வைத்தால் ஆள் இருப்பது 220 மணி நேரம். மீதி 500 மணி நேரம் கட்டடம் காலி. 500 மணி நேரமும் 80 கிலோவாட் ஓடினால் 40,000 யூனிட். அப்போது எங்கள் கட்டணம் யூனிட்டுக்கு எட்டரை ரூபாய். மாதம் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய், யாரும் இல்லாத நேரத்துக்கு. மின் சிக்கனம் என்றால் எல்லோரும் நண்பகல் ஏசியைத்தான் திட்டுகிறார்கள். அது வேலை செய்யும் மாடு. திட்ட வேண்டியது ராத்திரியில் மேயும் மாட்டை.

2023 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை இரவு, நானும் ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன் அண்ணனும் பேனல் ரூமில் உட்கார்ந்தோம். விழுப்புரம் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கட்டடம் திறந்த நாளிலிருந்து இருக்கிறார். நாலு கம்பெனிகளுக்கும் முன்கூட்டியே மெயில் போட்டு அனுமதி வாங்கியிருந்தோம். சர்வர் ரூம், ஃபயர் பேனல், கழிவுநீர் சுத்திகரிப்பு மூன்றையும் தொடுவதில்லை என்று முடிவு. மற்ற ஃபீடர்களின், அதாவது ஒவ்வொரு பகுதிக்கும் பிரிந்து போகும் லைன்களின், சுவிட்ச்சை ஒவ்வொன்றாக இறக்குவது, மீட்டரில் எண் நிலைக்கும் வரை பொறுப்பது, எவ்வளவு குறைந்தது என்று எழுதுவது, திரும்ப ஏற்றுவது. இவ்வளவுதான் முறை. வீட்டில் பழைய தட்டு மீட்டர் இருந்த காலத்தில் எல்லா சுவிட்ச்சையும் அணைத்துவிட்டுத் தட்டு சுற்றுகிறதா என்று பார்ப்போமே, அதே வேலைதான். இங்கே கொஞ்சம் பெரிய வீடு.

பதினொன்று நாற்பது. மீட்டர் 79.

பேஸ்மென்ட் பார்க்கிங்கை இறக்கினோம். 70. ஒன்பது கிலோவாட்டா என்று கீழே போய்ப் பார்த்தால், நாலு காருக்கும் ஒரு பைக்குக்கும் நடுவே திருவிழா மாதிரி வெளிச்சம். புகையை வெளியேற்றும் ஃபேன்கள் முழு வேகத்தில். காற்றில் கார்பன் மோனாக்சைடு கூடினால் மட்டும் ஓட வேண்டிய ஃபேன்கள் அவை. சென்சார் கெட்டுப்போய், அதைத் தாண்டி நேராக ஒயர் கொடுத்திருந்தார்கள். எப்போதிலிருந்து என்று அண்ணனுக்கே ஞாபகம் இல்லை.

அடுத்து சில்லர் பிளான்ட். சில்லர் ஓடவில்லை, அதனால் ஒன்றும் குறையாது என்று நினைத்துக்கொண்டே இறக்கினேன். 79 என்பது 68 ஆனது. பதினோரு கிலோவாட். இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். பிளான்ட் ரூம் கதவைத் திறந்து, பேனலை ஏற்றச் சொல்லி அண்ணனுக்கு போன் போட்டேன். குளிர்நீர் பம்ப் உறுமிக்கொண்டு கிளம்பியது. குழாயின் வெற்று வால்வு மேல் கை வைத்தேன். சில்லர் ஓடும்போது ஏழு டிகிரியில் வேர்த்துக்கொண்டிருக்கும் வால்வு, அறைச் சூட்டிலேயே இருந்தது. குளிர வைக்காத தண்ணீரை ராத்திரி முழுக்க ஐந்து மாடிக்கும் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறது, பிராகாரம் சுற்றுவது போல. செலக்டர் சுவிட்ச் மேனுவலில் இருந்தது.

"அண்ணே, இது ஏன் ஆட்டோவில் இல்ல?"

"எப்பவும் மேனுவல்தான் சார். ஆட்டோவில போட்டா அஞ்சாவது மாடியிலிருந்து கம்ப்ளெயின்ட் வரும்."

நான் அந்தப் பதிலைக் காதில் வாங்கவே இல்லை. பதினோரு கிலோவாட் கிடைத்த குஷியில் சுவிட்ச்சை ஆட்டோவுக்குத் திருப்பி, 'ஆட்டோவில் மட்டும் வைக்கவும்' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு அடுத்த ஃபீடருக்குப் போய்விட்டேன். அந்த அவசரத்துக்கு விலை கொடுத்த கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

நாலாவது மாடி ஏஹெச்யூ ஒன்று ஐந்தரை கிலோவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. எப்போதோ ஒரு இரவு ஒரு டீம் விடிய விடிய வேலை பார்த்திருக்கிறது. அதற்காக, கட்டடத்து எந்திரங்களை ஓட்டும் பிஎம்எஸ் கம்ப்யூட்டரில் கால அட்டவணையை மீறி ஓட வைத்தவர் திரும்ப எடுக்கவில்லை. டீம் கலைந்து, அந்தக் கம்பெனியே மாடி மாறிப் போன பிறகும் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பேன்ட்ரிகளில் சுடுநீர் குளிர்நீர் எந்திரங்கள், ஒரு பக்கம் கொதிக்க வைத்தும் மறுபக்கம் குளிர வைத்தும், குடிக்க ஒருவர் இல்லாமல், எல்லாம் சேர்ந்து ஆறு. மூன்றாவது மாடியில் இருட்டுக்குள் நாற்பது ஐம்பது திரைகளில் மலையும் ஏரியும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. அழகாகத்தான் இருந்தது, ஐந்து கிலோவாட் அழகு. வெளிச்சுவர் விளக்கும் பெயர்ப்பலகையும் நாலு.

யூபிஎஸ் ஒரு தனிக் கதை. இரண்டு 80 கேவிஏ யூபிஎஸ், ராத்திரி அவற்றின் மேல் லோடு கொள்ளளவில் பத்து சதவீதம்கூட இல்லை. ஆனால் ஆன்லைன் யூபிஎஸ் வரும் மின்சாரத்தை டிசியாக்கித் திரும்ப ஏசியாக்கித்தான் வெளியே விடும். வெளியே கேட்க ஆளில்லாவிட்டாலும் அந்த வேலையை நிறுத்தாது. அப்படிச் சூடாகப் போவது மட்டும் ஆறு கிலோவாட். வாடகைக் கம்பெனியின் சொத்து என்பதால் அதில் கை வைக்க முடியவில்லை.

தொடாமல் விட்டவற்றை, ஒயரைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் டாங் டெஸ்டர் போட்டு அளந்தோம். சர்வர் ரூம், அதன் ஏசியோடு சேர்த்து 22. உள்ளே போனால் மார்கழி. 16 டிகிரியில் வைத்திருந்தார்கள். சர்வர் எந்திரங்களுக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்று குளிர்சாதனப் பொறியாளர்களின் ஆஷ்ரே அமைப்பு 2008-லிருந்தே பரிந்துரைக்கிறது. இங்கே அந்தப் பதினெட்டுக்கும் கீழே. கழிவுநீர் ஆலையின் காற்றூதி ஐந்தரை. அது ஓடத்தான் வேண்டும். பாக்டீரியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது, காற்று நின்றால் திங்கட்கிழமை காலை ஓஎம்ஆர் முழுக்க மணக்கும். படிக்கட்டு, வரவேற்பறை விளக்குகள் மூன்று. எல்லாவற்றையும் கூட்டினால் 77. கடைசி இரண்டு கிலோவாட் எங்கே போகிறதென்று விடியும் வரை தேடியும் கிடைக்கவில்லை. நாலரை மணிக்கு அண்ணன் டீ வாங்கி வந்தார், அதோடு நிறுத்திக்கொண்டோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாடிக்கும் ஒவ்வொரு பெரிய பேனலுக்கும் தனி மீட்டர் கேட்டு வாங்கினேன். மாட்டி முடித்த அன்று கூட்டிப் பார்த்தால் மெயின் மீட்டர் சொல்வதற்கும் குட்டி மீட்டர்கள் சொல்வதற்கும் பதினெட்டு கிலோவாட் இடிக்கிறது. ஒரு வாரம் திருட்டு லைன் இருக்கிறதோ என்றெல்லாம் யோசித்தேன். கடைசியில் ஏஹெச்யூ பேனல் மீட்டரில் மாட்டியது. மொத்தம் 9 என்று காட்டிய மீட்டரில் ஒவ்வொரு பேஸாகப் புரட்டினால் ஆர் 9, ஒய் மைனஸ் 9, பி 9. ஒய் பேஸ் சிடியின் எஸ்1, எஸ்2 ஒயர்களை இடம் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். மீட்டரைப் பொறுத்தவரை அந்தப் பேஸில் மின்சாரம் பின்னோக்கி ஓடுகிறது. 9 கூட்டல் 9 கழித்தல் 9. உண்மை 27, காட்டியது சரியாக மூன்றில் ஒரு பங்கு. மூன்று பேஸும் சமமாக இருக்கும் இடத்தில் ஒரு சிடி திரும்பியிருந்தால் எப்போதும் இதே மூன்றில் ஒன்றுதான் வரும். அதனால் இப்போதெல்லாம் எந்தப் புது மீட்டரைப் பார்த்தாலும் மொத்தத்தைப் பார்ப்பதற்கு முன் பேஸ்களைப் பார்த்துவிடுகிறேன். இதைச் சரிசெய்யப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: லோடு ஓடும்போது சிடியின் செகண்டரியை, அதாவது மீட்டருக்குப் போகும் ஒயர்களை, திறந்து விடாதீர்கள். முதலில் ஷார்ட் செய்துவிட்டு அப்புறம் கழற்றுங்கள். திறந்த சிடியில் எழும் வோல்ட்டேஜ் ஆளையே கொல்லும்.

பகல் பக்கத்திலும் இரண்டு விஷயம் கிடைத்தது. ஏஹெச்யூக்களுக்கு வேகம் குறைக்கும் டிரைவ் இருந்தும் எல்லாம் 50 ஹெர்ட்ஸில் பூட்டியிருந்தன. 40-க்கு இறக்கினோம். காற்றாடியின் மின்தேவை வேகத்தின் கன விகிதத்தில் குறையும். 0.8-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.51. வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் மின்சாரத்தில் கிட்டத்தட்டப் பாதி மிச்சம். ஒரு பைசா செலவில்லை.

இன்னொன்று திங்கட்கிழமைக் காலை. மாதத்தின் உச்சத் தேவை அநேகமாக எப்போதும் திங்கட்கிழமை எட்டே முக்கால் வாக்கில்தான் விழுந்தது. இரண்டு நாள் வெயிலில் வெந்த கட்டடத்தை, எட்டரைக்கு இரண்டு சில்லரையும் எல்லா ஏஹெச்யூவையும் ஒன்றாகக் கிளப்பி அரை மணி நேரத்தில் குளிர வைக்கப் பார்த்தால் வேறென்ன ஆகும்? மற்ற நாட்களில் 370 கேவிஏவைத் தாண்டாத கட்டடம் அந்த ஒரு காலையில் 438-க்குப் போய் நின்றது. உயர் அழுத்த இணைப்பில் அந்த ஒரே ஒரு உச்சிக்குத்தான் மாதம் முழுக்க டிமாண்ட் கட்டணம். திங்கட்கிழமை மட்டும் ஒரு சில்லரை ஏழரைக்கே கிளப்பினோம், இன்னொன்றை ஒன்பதுக்கு. உச்சி 412-க்கு இறங்கியது. இன்னும் இறக்கலாமே என்பார்கள். ஒப்பந்தத் தேவையில் 90 சதவீதத்துக்கு எப்படியும் பணம் கட்டியாக வேண்டும். 450-க்கு 90 சதவீதம் 405. அதற்குக் கீழே எவ்வளவு இறக்கினாலும், ஒப்பந்தத்தையே குறைக்காத வரை ஒரு ரூபாய் மிச்சமில்லை. பில்லில் இந்த வரியைப் படிக்காமல் லட்சக்கணக்கில் செலவழித்து உச்சியைக் குறைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ராத்திரித் தரை ஏப்ரல் கடைசியில் 79-லிருந்து 49-க்கு வந்திருந்தது. மே மாத பில் வந்தது. மேலாளர் கூப்பிட்டார். மேசையில் இரண்டு பில், 2022 மே, 2023 மே.

"போன வருஷம் பன்னிரண்டு லட்சத்து நாற்பத்தொன்று. இந்த வருஷம் பன்னிரண்டு நாற்பத்தேழு. ராத்திரியெல்லாம் முழிச்சு என்ன மிச்சம் பிடிச்சீங்க?"

நியாயமான கேள்வி. ரூபாயை மட்டும் பார்த்தால் ஏறித்தான் இருந்தது. நான் யூனிட்டைக் காட்டினேன். போன மே 1,36,000, இந்த மே 1,20,000. இடையில் 2022 செப்டம்பரில் கட்டண உயர்வு. யூனிட் எட்டு ரூபாயிலிருந்து எட்டரை, டிமாண்ட் கேவிஏவுக்கு 350-லிருந்து 550. பழைய வழக்கத்திலேயே ஓடியிருந்தால் வரி கிரி போகவே பதினான்கு லட்சத்தை நெருங்கியிருக்கும். அவர் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தார். 13,96,900. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா இது நாம கட்டாத பணம், கையில வந்த பணம் இல்லையே" என்றார். அதுவும் உண்மைதான். மிச்சம் பிடித்ததை எந்த மீட்டரும் காட்டாது. நடக்காத ஒன்றை, நடந்திருந்தால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். அந்தக் கணக்கை எதிராளி ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதற்காகவே இன்னொரு வரைபடம் போட ஆரம்பித்தேன். கிடைமட்டத்தில் அன்றைய சராசரி வெப்பநிலை, செங்குத்தில் அன்றைய யூனிட், வேலை நாட்கள் மட்டும், நாளுக்கு ஒரு புள்ளி. புள்ளிகள் சாய்ந்த ஒரு கோட்டைச் சுற்றி மொய்க்கும். எங்கள் கட்டடத்தில் ஒரு டிகிரி ஏறினால் நாளைக்கு 120 யூனிட் வாக்கில் ஏறுகிறது. பழைய புள்ளிகள் ஒரு கோட்டிலும் மாற்றங்களுக்குப் பிறகு வந்த புள்ளிகள் அதற்குக் கீழே இன்னொரு கோட்டிலும் விழுந்தால் அந்த இடைவெளிதான் சேமிப்பு. வெயில் மேல் பழி போடவும் முடியாது, வெயில் குறைந்ததற்கு நான் பெயர் வாங்கவும் முடியாது. மார்ச் பில்லை மே பில்லோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவது இதனால் நின்றது.

வெளியே ஒப்பிடவும் ஒரு அளவுகோல் உண்டு. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2009-ல் அலுவலகக் கட்டடங்களுக்கு நட்சத்திரக் குறியீடு கொண்டுவந்தது. ஒரு சதுர மீட்டருக்கு வருடத்துக்கு எத்தனை யூனிட் என்பதுதான் அடிப்படை. அந்த அட்டவணைப்படி, சென்னை மாதிரி புழுக்கமான ஊர்களில், பாதிக்கு மேல் ஏசி செய்த அலுவலகத்துக்கு 100-க்குக் கீழே இருந்தால் ஐந்து நட்சத்திரம், 175-லிருந்து 200 வரை ஒன்று. எங்களுடையது 8,360 சதுர மீட்டர், வருடத்துக்குப் பதினான்கு லட்சம் யூனிட். வகுத்தால் 167, இரண்டு நட்சத்திரம். தரையை இறக்கிய பிறகு மூன்றைத் தொட்டது. விண்ணப்பம் எல்லாம் போடவில்லை, எனக்கு நானே போட்டுக்கொண்ட மார்க்.

இனி அந்தப் பம்ப். அக்டோபரில் ராத்திரித் தரை மெல்ல ஏறியிருப்பதைப் பார்த்தேன். 49 இருந்த இடத்தில் 60. மெல்ல என்றா சொன்னேன், இல்லை, ஒரு செவ்வாய் இரவில் ஒரே படியாகப் பதினொன்று. பதினொன்று என்ற எண்ணைப் பார்த்ததுமே கால் பிளான்ட் ரூமுக்குப் போனது. செலக்டர் மேனுவலில். நான் ஒட்டிய தாள் சுவிட்ச்சுக்குக் கீழே பத்திரமாக மடித்துச் செருகியிருந்தது, கிழிக்கக்கூட இல்லை.

கோபத்தோடுதான் அண்ணனிடம் போனேன். அவர் அதே பதிலை அதே பொறுமையோடு சொன்னார். ஆட்டோவில் போட்டால் ஐந்தாவது மாடியிலிருந்து கம்ப்ளெயின்ட் வரும். இந்த முறை உட்கார்ந்து கேட்டேன். குழாயில் தண்ணீர் ஓடுகிறதா என்று ஒரு சின்னத் துடுப்பை வைத்துப் பார்க்கும் ஃப்ளோ சுவிட்ச் தேய்ந்து போயிருந்தது. ஆட்டோவில் காலையில் பம்ப் கிளம்பும், தண்ணீரும் ஓடும், ஃப்ளோ சுவிட்ச் ஓடவில்லை என்று சொல்லும், சில்லர் கிளம்பாது. ஒன்பதரைக்கு ஐந்தாவது மாடி வேகும். ராத்திரியும் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால் அந்தத் துடுப்பு சரியான நிலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், சில்லர் மறுபேச்சில்லாமல் கிளம்பும். அவர் சோம்பலில் மேனுவலில் வைக்கவில்லை. வாங்கிக் கொடுக்காத ஒரு உதிரி பாகத்துக்குப் பதிலாகப் பதினோரு கிலோவாட்டை வைத்திருந்தார். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன். தினமும் காலை ஏழு மணிக்கு ஸ்பேனரால் அந்தக் குழாயில் நாலு தட்டுத் தட்டிவிட்டுத்தான் ஏற்றுவாராம். அக்டோபரில் அவர் பத்து நாள் ஊருக்குப் போயிருந்தார். தட்ட ஆளில்லை.

சில ஆயிரம் ரூபாய் சாமான். மூன்று முறை எழுதிக் கொடுத்து, விலைப்புள்ளி மூன்று வாங்கி, கையெழுத்துக்குக் காத்திருந்து, டிசம்பரில்தான் வந்தது. அதற்குள் அந்தப் பம்ப் அதைப் போலப் பல மடங்கு பணத்தைச் சுற்றி இறைத்திருந்தது. மாட்டிய அன்று ராத்திரி தரை 50-க்கு இறங்கியது.

இப்போது லாக் புக்கில் ராத்திரிப் பக்கத்தில் ஒரு கட்டம் கூட்டியிருக்கிறோம், குறிப்பு எழுத. போன வாரம் புரட்டினேன். இரண்டு மணி 49.6, 428 வோல்ட். மூன்று மணி 51.8, 430 வோல்ட். நாலு மணி 49.9. எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் அழகாக இருந்தன. மூன்று மணிக்கு நேராக அண்ணன் எழுதியிருந்தார்: "மேலே லிப்ட் ரூம் ஃபேன் ரெண்டும் சும்மா ஓடுது. நிறுத்தியாச்சு. சாரு தேடின ரெண்டு இதுதான்."